தோற்றமும் எல்லைச் சோதனையும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் ஜோகூர் பாலத்தின் இரு முனைகளிலும் வரிசை நீண்டுவிடும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலும் ஜோகூர் பாருவின் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்திலும் மக்கள் பொறுமையோடு காத்திருப்பார்கள். மாணவர்கள், முதியவர்கள், தொழிலாளர்கள், சுற்றுப்பயணிகள் எனப் பலதரப்பட்டவர்கள் அந்த வரிசையில் நிற்பார்கள். சிலர் தலைப்பாகை கட்டியிருப்பார்கள். சிலர் முக்காடு அணிந்திருப்பார்கள். ஒருவருடைய முடி தோள்வரை தொங்கும். இன்னொருவருடைய கை முழுவதும் பச்சை குத்தப்பட்டிருக்கும்.

குடிநுழைவு அதிகாரி ஒவ்வொருவரிடமும் செலவிடக்கூடிய நேரம் மிகக் குறைவு. அந்தச் சிறிது நேரத்தில் அவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். வந்திருப்பவர் அந்தக் கடப்பிதழுக்கு உரியவர்தாமா? அவர் கூறும் பயணக் காரணம் உண்மையா? அவரை உள்ளே அனுமதிப்பதால் நாட்டுக்குத் தீங்கு நேருமா? இவற்றுக்கான விடைகளை அவர் ஆவணங்களிலும் கணினிப் பதிவுகளிலும் தேடுகிறார். ஆனால், கடப்பிதழைத் திறப்பதற்கு முன்பே அவர் கண்ணில் படுவது பயணியின் தோற்றம்தான்.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. எல்லையில் ஒருவரை எடைபோடும்போது அந்த ஆடைக்கும், முடிக்கும், உடலில் குத்திய பச்சைக்கும் எவ்வளவு இடம் கொடுக்கலாம்? பல நாடுகளில் நடந்த நிகழ்வுகள் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

அடையாளம் காண உதவிய குறிகள்

உடலில் உள்ள குறிகள் எப்போதும் பயணிக்கு இடையூறாக இருந்ததில்லை. நிழற்படம் பரவலாவதற்கு முன், ஒருவரை இன்னார் என்று உறுதிசெய்ய அவையே உதவின. மச்சம், தழும்பு போன்றவற்றை 'அங்க அடையாளங்கள்' என்று ஆவணங்களில் குறித்து வைப்பது வழக்கமாக இருந்தது.

தமிழர் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1860ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். அவர்களைப் பற்றிய பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு உடலில் இருந்த குறிகளும் எழுதப்பட்டன. முனியன், ராமசாமி, கோவிந்தன் போன்ற பெயர்கள் பலருக்கும் இருந்த காலம் அது. ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய நெற்றித் தழும்பும் கன்னத்து மச்சமும் கைகொடுத்தன.

பச்சை குத்திக்கொள்வதும் தமிழர்களுக்குப் புதியதன்று. முந்தைய தலைமுறைப் பெண்கள் பலர் முன்கையில் கோலத்தையோ உறவினரின் பெயரையோ பச்சை குத்திக்கொண்டார்கள். ஊர் ஊராகச் சென்று பச்சை குத்துவது குறவர் சமூகப் பெண்களின் தொழிலாக இருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய பாட்டிமார் சிலரின் கைகளிலும் அந்தப் பச்சைக் கோலங்களைக் காண முடிந்தது. அவற்றைக் கண்டு எவரும் அஞ்சவில்லை.

நீள முடிக்கு வந்த தடை

1970களில் சிங்கப்பூரில் நிலைமை வேறாக இருந்தது. அப்போது மேலை நாடுகளில் 'ஹிப்பி' பண்பாடு பரவியிருந்தது. நீள முடி அப்பண்பாட்டின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதனோடு போதைப்பொருள் பழக்கமும் இளையர்களிடம் பரவிவிடுமோ என்று அரசாங்கம் அஞ்சியது. எனவே, ஆண்கள் நீள முடி வைத்துக்கொள்வதற்கு எதிராகக் கடும் இயக்கம் ஒன்றை நடத்தியது. புருவத்தைத் தொடும் முடி, காதுகளை மறைக்கும் முடி, சட்டைக் கழுத்துப்பட்டைக்குக் கீழே இறங்கும் முடி ஆகியவை நீள முடி எனப்பட்டன. அத்தகைய ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை வழங்கப்படும் என்ற அறிவிப்புகள் அரசாங்க அலுவலகங்களில் ஒட்டப்பட்டன.

எல்லைகளிலும் இதன் தாக்கம் தெரிந்தது. 1972இல் 'லெட் ஸெப்பலின்' என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் இசைக்குழு சிங்கப்பூரில் படைக்கவிருந்த நிகழ்ச்சி, குழுவினரின் நீள முடியால் நடைபெறாமல் போயிற்று. 1984இல் ஜப்பானிய இசைக்கலைஞர் கித்தாரோவுக்கும் இதே காரணத்தால் தடை வந்தது.

அண்டை நாட்டு உறவையும் இவ்விவகாரம் ஒருமுறை உரசிப் பார்த்தது. 1970 ஆகஸ்ட்டில் சிங்கப்பூருக்கு வந்திருந்த மலேசிய இளைஞர் மூவர் ஆர்ச்சர்ட் சாலையில் பிடித்துவைக்கப்பட்டனர். அவர்களுடைய முடியும் வெட்டப்பட்டது. மலேசியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. பிரதமர் லீ குவான் இயூ அம்மாதம் மலேசியாவுக்கு மேற்கொள்ளவிருந்த பயணம் தள்ளிவைக்கப்பட்டது. மூன்று இளைஞர்களின் தலைமுடி இரு அரசாங்கங்களுக்கு இடையே பேசுபொருளாகிவிட்டது.

இன்று தோள்வரை முடி வளர்த்த ஆண்கள் எந்தத் தடையும் இன்றிச் சாங்கி விமான நிலையத்தைக் கடந்து செல்கிறார்கள். முடியின் நீளம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அதைக் காண்போர் அதற்குக் கொடுத்த பொருள்தான் மாறிவிட்டது.

ஒரே குறி, பல பொருள்

காலத்துக்குக் காலம் மட்டுமன்றி, இடத்துக்கு இடமும் பொருள் மாறுகிறது. சரவாக்கின் இபான் மக்களிடையே இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. அச்சமூகத்து இளைஞர்கள் வீட்டைவிட்டு நெடுந்தொலைவு சென்று, உழைத்து, அனுபவம் பெற்றுத் திரும்பும் மரபு 'பெஜாலாய்' எனப்படும். புறப்படும் இளைஞனின் இரு தோள்களிலும் கத்திரிப்பூ வடிவத்தில் பச்சை குத்துவார்கள். பூவின் நடுவே சுழன்று செல்லும் கோடு 'உயிர்க்கயிறு' என்று பொருள்படும். சென்ற இடங்களிலெல்லாம் அவன் மேலும் பச்சை குத்திக்கொள்வான். அவனுடைய உடலே அவன் சென்றுவந்த ஊர்களைக் காட்டும் பயண ஏடாகிவிடும்.

இபான் பெரியவர் ஒருவருக்குப் பெருமை தரும் அதே வகைக் கோலம், வேறொரு நாட்டில் குண்டர் கும்பலை நினைவூட்டக்கூடும். ஜப்பானில் உடல் நிறையப் பச்சை குத்திக்கொள்வதை 'யாக்குசா' என்னும் குற்றக் கும்பல்களோடு தொடர்புபடுத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதனால், அங்குள்ள வெந்நீர் ஊற்றுக் குளியலகங்கள் பல, பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை. 2013இல் நியூசிலாந்தின் மாவோரி இனப் பெண்மணி ஒருவர் பழங்குடி மொழிகள் பற்றிய மாநாட்டிற்காக ஹொக்கைடோ தீவுக்குச் சென்றிருந்தார். அவருடைய முகத்தில் இருந்த பச்சை, மாவோரி மரபில் குலப்பெருமையைக் காட்டுவது. ஆயினும், அங்கிருந்த குளியலகம் ஒன்று அதையே காரணம் காட்டி அவரை உள்ளே விடவில்லை.

தாய்லாந்தில் ஒரே நாட்டுக்குள்ளேயே இரு பார்வைகளைக் காணலாம். அங்குள்ள சில கோயில்களில் புத்த பிக்குகளே பக்தர்களின் முதுகில் மந்திர எழுத்துகளையும் கோலங்களையும் பச்சை குத்துகிறார்கள். அது காப்பாகக் கருதப்படுகிறது. அதே நாட்டில், புத்தரின் உருவத்தை அலங்காரமாகப் பச்சை குத்திக்கொள்வது அவமதிப்பு என்று வெளிநாட்டவருக்கு அறிவுறுத்தும் விளம்பரப் பலகைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன.

கொழும்பில் தொடங்கிய வழக்கு

குறியின் பொருளை விசாரிக்காமல் முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை இலங்கையில் நடந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

2014 ஏப்ரலில் பிரிட்டனைச் சேர்ந்த தாதி ஒருவர் இந்தியாவிலிருந்து கொழும்பு விமான நிலையத்தில் வந்திறங்கினார். அவருடைய வலக்கையின் மேற்புறத்தில், தாமரை மலரில் அமர்ந்த புத்தரின் உருவம் பச்சை குத்தப்பட்டிருந்தது. குடிநுழைவுச் சோதனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தபின் காவல்துறையினர் அவரைத் தடுத்தார்கள். இலங்கையில் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். அந்நாட்டு அரசமைப்புச் சட்டமும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. அவருடைய கையில் இருந்த உருவம் சமயத்தை இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டது.

தாம் பௌத்த நெறியைப் பின்பற்றுபவர் என்றும், பல நாடுகளில் தியானப் பயிற்சிகளில் கலந்துகொண்டவர் என்றும், மதிப்பின் காரணமாகவே அந்த உருவத்தைக் குத்திக்கொண்டதாகவும் அவர் கூறினார். அவருடைய விளக்கம் எடுபடவில்லை. அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவரை நாட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவிடப்பட்டது. விமானம் ஏறும்வரை நீர்கொழும்புச் சிறையிலும், பின்னர் தடுப்பு முகாமிலும் அவர் வைக்கப்பட்டார். அங்கே தாம் அவமதிக்கப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார்.

ஊர் திரும்பிய அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. தம்முடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக இலங்கையின் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நீடித்தது. 2017 நவம்பரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அவரைக் கைதுசெய்யச் சட்டத்தில் இடமில்லை என்றும், அவர் நடத்தப்பட்ட முறை தவறானது என்றும் நீதிமன்றம் கூறியது. இழப்பீடாகவும் வழக்குச் செலவாகவும் அவருக்கு மொத்தம் 8 லட்சம் இலங்கை ரூபாய் வழங்க உத்தரவிடப்பட்டது. அதில் ஒரு பகுதியைத் தொடர்புடைய காவல் அதிகாரிகள் இருவர் தம் கையிலிருந்து செலுத்த வேண்டியிருந்தது.

அந்நாட்டு மக்களின் சமய உணர்வை நீதிமன்றம் குறைத்து மதிப்பிட்டதாக இதற்குப் பொருளன்று. உணர்வு எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், ஒருவரைக் கைதுசெய்யச் சட்டம் இடம்தர வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இலங்கையில் இன்றும் புத்தர் உருவப் பச்சையை வெளியே காட்டுவது சிக்கலைக் கொண்டுவரலாம். பிரிட்டிஷ் அரசாங்கம் தன் பயண ஆலோசனையில் குடிமக்களுக்கு இதைச் சொல்லி எச்சரித்துள்ளது.

நீதி கிடைக்காத குடும்பம்

எல்லோருக்கும் இத்தகைய தீர்ப்புக் கிடைப்பதில்லை. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்கக் குடிமகள் ஒருவரை மணந்திருந்தார். அவர் மனைவியோடு அமெரிக்காவில் நிலையாக வாழ விசா கேட்டுத் தம் தாய்நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குச் சென்றார். 2015 டிசம்பரில் விசா மறுக்கப்பட்டது. அவர் ஒரு குண்டர் கும்பலைச் சேர்ந்தவர் என்று அதிகாரிகள் கருதியதே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. அக்கருத்துக்கு அவர் உடலில் இருந்த பச்சைகளும் ஓர் அடிப்படையாக அமைந்தன. தமக்கு எந்தக் கும்பலோடும் தொடர்பில்லை என்று அவர் மறுத்தார். அந்தப் பச்சைகள் கும்பலின் குறிகள் அல்ல என்று வல்லுநர் ஒருவரும் கூறினார்.

மனைவி தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கணவனை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோருவது குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்று 2024 ஜூனில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஒன்பது பேரில் அறுவர் அம்முடிவை ஆதரித்தனர், மூவர் மாறுபட்டனர். அந்தப் பச்சைகளின் உண்மைப் பொருள் என்ன என்ற கேள்வியை நீதிமன்றம் தீர்த்துவைக்கவே இல்லை. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலுமாகப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன.

எல்லையில் எடுக்கப்படும் முடிவை மாற்றுவது எளிதன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. வேறு நாட்டுக்குள் நுழைவது பயணிக்கு உரிய உரிமையன்று. அந்நாடு தரும் அனுமதி. அந்த அனுமதியைக் கையில் வைத்திருப்பவர் முதலிலேயே கவனமாக விசாரிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயந்திரத்தின் பார்வை

இப்போது பல எல்லைகளில் மனிதருக்கு முன் இயந்திரம் பயணியைப் பார்க்கிறது. சிங்கப்பூரில் 2020 முதல் விரல்ரேகைக்குப் பதிலாகக் கருவிழியும் முகமும் முதன்மை அடையாளங்களாகப் பயன்படுத்தப்படுகின்றன. 2024 மார்ச்சிலிருந்து உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் செல்வோர் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம்.

இயந்திரம் ஆடையைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. கையில் குத்திய பச்சையும் அதற்கு ஒரு பொருட்டன்று. ஆயினும், அதுவும் பிழை செய்யக்கூடும். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள்களை அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் பல, ஆசிய, ஆப்பிரிக்க இனத்தவரின் முகங்களில் கூடுதலாகப் பிழை செய்தது தெரியவந்தது.

முகமே மாறிவிட்டால் இயந்திரம் மட்டுமன்றி மனிதரும் தடுமாறுவர். தென்கொரியாவில் முக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வெளிநாட்டவர் சிலர், மருத்துவமனையிடமிருந்து சான்றிதழ் பெற்றுக்கொண்டு நாடு திரும்புகிறார்கள். கடப்பிதழில் உள்ள படத்துக்கும் நேரில் உள்ள முகத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போனால் அச்சான்றிதழ் உதவும்.

இரு தரப்பின் பொறுப்பு

பயணம் செய்பவர் சில முன்னேற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. செல்லும் நாட்டின் சட்டத்தையும் பழக்கவழக்கத்தையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். அங்குள்ளவர்களின் மனத்தைப் புண்படுத்தக்கூடிய உருவம் உடலில் இருந்தால் முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொள்ளலாம். அது ஏமாற்று வேலையன்று. பிறர் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றி வைப்பது போன்ற மரியாதை அது. முகத்தோற்றம் பெரிதும் மாறியிருந்தால் கடப்பிதழைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முகத்திரை அணிந்தவர், மறைவான இடத்தில் பெண் அதிகாரியிடம் முகத்தைக் காட்ட விரும்புவதாகப் பணிவோடு கேட்கலாம். அதிகாரி கேள்வி கேட்டால் உண்மையைச் சுருக்கமாகவும் நிதானமாகவும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் தடுத்துவைக்கப்பட்டால், அதைத் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இவ்வுரிமையை வழங்குகிறது.

பயணி மட்டும் கவனமாக இருந்தால் போதாது. அதிகாரியின் பணி கடினமானது. போதைப்பொருள் கடத்துபவரும், போலிக் கடப்பிதழ் வைத்திருப்பவரும் சாதாரணப் பயணிகளோடு கலந்துதான் வருகிறார்கள். அவர்களைத் தவறவிட்டால் பழி அதிகாரிமீதே விழும். ஆகவே, வழக்கத்துக்கு மாறான தோற்றம் அவருடைய கவனத்தை ஈர்ப்பதில் வியப்பில்லை. அது அவரை ஒரு கேள்வி கேட்கத் தூண்டலாம். ஆனால், கேள்விக்கான விடையை அவர் தோற்றத்திலேயே தேடிவிடக் கூடாது. நேர்த்தியாக உடையணிந்தவர் குற்றவாளியாக இருக்கலாம். கை முழுவதும் பச்சை குத்தியவர் நோயாளிகளைக் கவனிக்கும் தாதியாக இருக்கலாம். கொழும்பு விமான நிலையத்தில் நின்ற பெண்மணி அப்படிப்பட்டவர்தான்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று தமிழ்ப் பழமொழி கூறுகிறது. எல்லையில் பணியாற்றுபவருக்கு அதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடைப்பது அரிது. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், முத்திரை குத்துவதற்கோ மறுப்பதற்கோ முன் கேட்கப்படும் ஒரு நல்ல கேள்வி, ஒருவருடைய பயணத்தையும் சிலவேளை ஒரு குடும்பத்தின் வாழ்வையும் காப்பாற்றிவிடும்.

சிந்தித்து விடை கூறுக

1. நட்டாலுக்குச் சென்ற தொழிலாளர்களின் உடற்குறிகள் பதிவேடுகளில் ஏன் எழுதப்பட்டன?

2. 1970 ஆகஸ்ட்டில் நடந்த நிகழ்வு சிங்கப்பூர், மலேசிய உறவை எவ்வாறு பாதித்தது?

3. இபான் மக்களின் கத்திரிப்பூக் கோலமும் மாவோரிப் பெண்மணியின் முகத்தில் இருந்த பச்சையும் எக்கருத்தை விளக்கப் பயன்படுகின்றன?

4. இலங்கை வழக்கின் முடிவும் அமெரிக்க வழக்கின் முடிவும் எவ்வாறு வேறுபடுகின்றன? அந்த வேறுபாட்டிலிருந்து நீங்கள் அறிந்துகொள்வது யாது?

5. 'பச்சையை மறைத்துக்கொள்வது ஏமாற்று வேலையன்று. மரியாதை' என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? இரண்டு காரணங்களோடு குழுவில் கலந்துரையாடுங்கள்.